கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறங்கள்



கோடை விடுமுறை வந்தால் பல வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். "அப்பா, நம்ம சிஸ்டத்துக்கு கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணும்ப்பா." கேட்பது பிளஸ் டூ முடித்த மகனாக இருக்கலாம். கல்லூரியில் டிசைன் படிக்கும் மகளாகவும் இருக்கலாம்.

அப்பாவின் காதில் விழுவது 'கேம்' என்ற ஒரே சொல்தான். "விளையாடுறதுக்கு இத்தனை ஆயிரமா? போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று முடித்துவிடுவார். இல்லையென்றால் அம்மா சிபாரிசு செய்வார், அப்பா மனமிறங்குவார். அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிப் போய், "அண்ணாச்சி, நல்ல கார்டா ஒண்ணு கொடுங்க" என்று வாங்கிவந்துவிடுவார்.

இரண்டிலுமே ஒன்று விட்டுப்போகிறது. பிள்ளை எந்த வேலைக்காகக் கேட்கிறது என்று யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. மேசைக்குக் கீழே கிடக்கும் பழைய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவுமில்லை.

இதெல்லாம் ஆசிரியர் பக்கத்தில் எழுதுகிற விஷயமா என்று கேட்பீர்கள். ஏன் கூடாது? விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரம் மாதிரி ஓர் ஊரில், மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் போடுகிற வீட்டில், பத்தாயிரம் பதினைந்தாயிரம் ரூபாய் லேசான காசா? தறியை நம்பி இருக்கும் அருப்புக்கோட்டை வீட்டிலும் அப்படித்தானே? அந்தக் காசு போகிற இடம் சரியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் கவலை.

நான் சொல்ல வருவது சுருக்கமான விஷயம். முதலில் வேலை, அடுத்து பெட்டி, கடைசியில் கார்டு. இந்த வரிசை மாறினால் காசு வீண்.

கார்டு என்னதான் செய்கிறது? திரையில் நாம் பார்ப்பதெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். சாதாரண ஃபுல் ஹெச்.டி. மானிட்டரில் 1,920-க்கு 1,080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை அது புதுப்பிக்கப்படுகிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் நிறம் தீர்மானிக்க வேண்டும்.

சேலையில் நுணுக்கமான பார்டர் போடக் கைதேர்ந்த ஒரு நெசவாளி போதும். பத்து ஏக்கரில் களையெடுக்க வேண்டும் என்றால் நாற்பது பேர் வரிசையாக இறங்கினால்தான் வேலை நடக்கும். பிராசஸர் அந்த நெசவாளி. கிராஃபிக்ஸ் கார்டு அந்த நாற்பது பேர்.

1999-ல் என்விடியா நிறுவனம் 'ஜீஃபோர்ஸ் 256' என்ற கார்டை வெளியிட்டு, உலகின் முதல் ஜி.பி.யூ. (கிராஃபிக்ஸ் சில்லு) என்று விளம்பரம் செய்தது. அன்று அது விளையாட்டுப் பிரியர்களுக்கான பொருள். இன்று வீடியோ எடிட்டிங், முப்பரிமாண டிசைன், செயற்கை நுண்ணறிவு எல்லாம் அதே வகைச் சில்லுகளின் தலையில்தான் ஓடுகின்றன. அதனால் 'கார்டு என்றால் கேம்தான்' என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. 'கார்டு போட்டால் எல்லாம் பறக்கும்' என்று நம்பவும் முடியாது.

சரி, நம் வீடுகளில் யாருக்குக் கார்டு தேவை?

கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிறவர்களுக்குத் தேவை. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள் கார்டை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும். ஹெச்.டி. வீடியோவுக்கு 4 ஜி.பி. நினைவகம் உள்ள கார்டு, 4கே வீடியோ என்றால் 6 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. பிளெண்டரில் அனிமேஷன் பழகும் பிள்ளைக்கும் கார்டு இருந்தால் மணிக்கணக்கான ரெண்டரிங் வெகுவாகக் குறையும்.

டிசைன் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு? ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, சிவகாசிக்கு அனுப்பும் காலண்டர் டிசைன் எல்லாம் பெரும்பாலும் கோரல்டிரா, ஃபோட்டோஷாப் வேலைதான். இவற்றுக்குப் பெரிய கார்டைவிட நிறைய ராமும் வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க்கும்தான் முக்கியம். கடைக் கணக்குக்கு டேலி, பிள்ளையின் புராஜெக்டுக்கு வேர்டு, எக்ஸெல், ஆன்லைன் வகுப்பு: இவற்றுக்குத் தனிக் கார்டே வேண்டாம்.

விளையாட்டுக்கும் இதே கணக்குதான். 'வேலரன்ட்' ஓடவில்லை என்று மகன் சொன்னால், அந்த விளையாட்டு கேட்கும் குறைந்தபட்சக் கிராஃபிக்ஸ் என்ன தெரியுமா? இன்டெல் பிராசஸருக்குள்ளேயே 2012-ல் வந்த ஹெச்.டி. 4000. 'ஜி.டி.ஏ. 5' கம்ப்யூட்டருக்கு வந்தது 2015-ல். அதற்கு எளிய கார்டு ஒன்றே தாராளம். இந்த ஆண்டு வெளிவந்த விளையாட்டுத்தான் வேண்டும் என்றால், பழைய பெட்டியில் எந்தக் கார்டைப் போட்டாலும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

'ஏ.ஐ. படிக்கப்போறேன், அதுக்குக் கார்டு வேணும்' என்று பிள்ளை சொன்னால்? ஆசையைத் தடுக்காதீர்கள். ஆனால் ஆரம்பப் பாடத்துக்கு வீட்டில் கார்டு வேண்டியதில்லை. கூகுள் கோலாப் என்ற சேவையில் பிரவுசர் வழியாகவே ஓரளவுக்கு ஜி.பி.யூ.வை இலவசமாகப் பயன்படுத்தலாம். நல்ல இன்டர்நெட் இருந்தால் போதும். அதில் ஆறு மாதம் உழைத்த பிள்ளை கார்டு கேட்டால், அப்போது எந்தக் கார்டு என்று அந்தப் பிள்ளையே சொல்லும்.

கார்டு என்று முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு' என்பதுதான் பல வீடுகளில் உண்மையான புகார். அதற்குக் காரணம் கார்டுதானா என்று கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. எந்த வேலையில் கம்ப்யூட்டர் திணறுகிறதோ அந்த வேலையை ஓடவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள். மெமரி நிரம்பி வழிகிறதா? ராம் போடுங்கள். சி.பி.யூ. (பிராசஸர்) முழுக்க ஏறி நிற்கிறதா? அங்கே கார்டு பெரிதாக ஒன்றும் செய்யாது. ஜி.பி.யூ. என்று போட்டிருப்பது உச்சத்தில் நின்றால் மட்டும் கார்டு பற்றிப் பேசுவோம்.

பத்து வருஷத்துப் பழைய டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது டிஸ்க்தான். பட்டனைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரும் அளவுக்கு நேரமெடுக்கும் சிஸ்டம், எஸ்.எஸ்.டி. போட்டதும் ஒரு நிமிஷத்துக்குள் எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு பல பிள்ளைகள் கார்டு பேச்சையே எடுப்பதில்லை.

யூடியூப் திணறுகிறது என்பது இன்னொரு புகார். யூடியூப் ஹெச்.டி. வீடியோவைப் பெரும்பாலும் வி.பி.9 என்ற வடிவத்தில் அனுப்புகிறது. பழைய இன்டெல் பிராசஸர்களில் அதைப் பிரித்துக் காட்டத் தனிச் சுற்று கிடையாது. அதனால் பிராசஸரே முக்கி முனகிச் செய்கிறது. வீடியோவின் தரத்தை 720-க்குக் குறைத்துப் பாருங்கள். பாட்டி பக்திப் பாட்டு கேட்கவும், பிள்ளை பாடம் பார்க்கவும் அது போதாதா?

இவ்வளவுக்குப் பிறகும் கார்டு தேவைதான் என்று முடிவானால், பெட்டிக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ். கரண்ட்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. கம்ப்யூட்டர் வாங்கும்போது யாரும் விசாரிக்காத பாகமும் அதுதான். அசெம்பிள்டு சிஸ்டங்களில் மலிவான எஸ்.எம்.பி.எஸ். போட்டு, மேலே 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கரை அப்படியே நம்ப வேண்டாம். அதே லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் கார்டுக்கும் பிராசஸருக்கும் உண்மையில் கிடைக்கும் வாட்ஸ் தெரியும்.

மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட் தானே 75 வாட்ஸ் வரை கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்டு என்றால் தனி வயர் வேண்டாம். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650, 2024-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-யின் 6 ஜி.பி. கார்டு, ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 எல்லாம் இந்த எல்லைக்குள் வருபவை. 1050 டி.ஐ., 1650 இரண்டிலும் சில கம்பெனிகள் தனி வயர் கேட்கும் மாதிரியையும் விற்றன. பார்த்து வாங்க வேண்டும்.

அதற்கு மேல் மின்சாரம் கேட்கும் கார்டு என்றால் 6 பின், 8 பின் வயர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே வர வேண்டும். 'கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்' என்று ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா வயரிலிருந்து இழுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த வயரின் தாங்கும் திறன் குறைவு. சூடேறி உருகலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது அளவு. ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட பிராண்டட் கம்ப்யூட்டர்கள் இப்போது ஊர் ஊராக வந்துவிட்டன. விலைக்கு நல்ல பெட்டிகள்தான். ஆனால் மெலிந்த மாடல்களில் முழு உயரக் கார்டு உள்ளே போகாது. 'லோ புரொஃபைல்' என்று கேட்டு வாங்க வேண்டும். அவற்றின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 200 முதல் 250 வாட்ஸ்தான். வெளியில் விற்கும் எஸ்.எம்.பி.எஸ். அதற்குள் பொருந்தவும் செய்யாது.

மூன்றாவது மானிட்டர். பழைய மானிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. வயர் மட்டும் இருக்கும். புதிய கார்டுகளில் வி.ஜி.ஏ. கிடையாது. ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அதற்காக மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.

நான்காவது மதர்போர்டின் வயது. 2011, 2012 காலத்துப் போர்டுகள் சிலவற்றில் புதிய கார்டைச் செருகினால் டிஸ்பிளே வராது. பயாஸ் அப்டேட் செய்தால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் கார்டுகள் விலைக்கு நன்றாக இருந்தாலும், பத்தாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் உள்ள பெட்டிகளுக்கு ஒத்துவராது. ஆர்.எக்ஸ். 6400 பழைய ஸ்லாட்டில் ஓடும். ஆனால் தன் முழு வேகத்தைக் காட்டாது.

பிராசஸரின் பெயரையும் ஒரு பார்வை பாருங்கள். இன்டெல் பிராசஸர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. அந்தப் பெட்டியில் கார்டு பழுதானால் டிஸ்பிளேயே வராது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கார்டு ஆடம்பரம் இல்லை.

இதையெல்லாம் தாண்டி நம் பக்கத்துக்கே உரிய விஷயங்கள் மூன்று உண்டு. புழுதி, வெயில், கரண்ட்.

கரிசல் புழுதி எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆடிக் காற்றில் வீட்டுக்குள் எங்கெல்லாம் மண் படிகிறதோ, அதைவிட அதிகமாகக் கேபினெட்டுக்குள் படியும். ஃபேன் இழுத்து உள்ளே கொண்டுபோய் வைக்கிறது. கார்டு போடும் முன் ஒரு முறை புளோயர் வைத்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசஸரின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். சும்மா சுத்தம் செய்ததிலேயே வேகம் திரும்பிய பெட்டிகள் எத்தனையோ.

வெயில் இன்னொரு பக்கம். 80 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் பல கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், ஷீட் போட்ட அறையில், மேசையின் மூடிய தடுப்புக்குள் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, 'பதினைந்தாயிரம் கொடுத்தும் திணறுதே' என்று கார்டைத் திட்டினால் எப்படி? சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்று வரும் இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது கரண்ட். கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதா? 'அது அப்படித்தான்' என்று பழகிப்போயிருப்போம். அப்படி இல்லை. எர்த் சரியில்லை என்று அர்த்தம். கார்டு வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கார்டைவிட உயிர் பெரிது. பிள்ளைகள் வெறுங்காலோடு தொடும் பெட்டி அது.

யூ.பி.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் பரவலாக விற்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். கொடுப்பது 360 வாட்ஸ் அளவுதான். கார்டு சேர்ந்தால் பேக்கப் நேரம் குறையும். சேமித்துவிட்டு அணைக்கிற நேரம் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மின் கட்டணம்? 75 வாட்ஸ் கார்டு தினமும் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் மாதம் 9 யூனிட், இரண்டு மாத பில்லில் 18 யூனிட். பயப்படும் அளவில்லை. ஆனால் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டிப்போகிற வீடு என்றால் அந்தப் பதினெட்டும் கணக்கில் வரும்.

இனி கார்டு. முன்பு இல்லாத இரண்டு சங்கதிகளை இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை என்று அறிவித்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்கள் பெட்டி அதற்கும் பழையது என்றால் பெரிய கார்டில் காசைக் கொட்டுவது சரியா? லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறத் தயார் என்றால் பெட்டிக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் உண்டு. லினக்ஸுக்கு ஏ.எம்.டி. கார்டுகள் சிரமம் தராமல் ஒத்துழைக்கும்.

இரண்டு, நம் ஊர்களில் அதிகம் புழங்கும் 750 டி.ஐ., 1030, 1050 டி.ஐ. ஆகிய கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். அதனால் அவை இன்றே வீணாகிவிடவில்லை. ஆனால் புதுக் கார்டின் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

'4 ஜி.பி. கார்டு சார்' என்று சொல்லி ஜி.டி. 710-ஐயோ 730-ஐயோ நீட்டினால் யோசியுங்கள். அந்த ஜி.பி. என்பது நினைவகம் மட்டும், வேகம் வேறு. 2014 வாக்கில் வந்த வகைகள் அவை. 2017-க்குப் பின் வந்த இன்டெல் பிராசஸர்களில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் 710-க்கு ஈடுகொடுக்கும். ஜி.டி. 1030-லும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜி.டி.டி.ஆர். 5 என்று ஒன்று, டி.டி.ஆர். 4 என்று ஒன்று. பெயர் ஒன்றுதான், இரண்டாவது வெகுவாக மந்தம். அட்டைப் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக உலகம் முழுவதும் கார்டுகளை இராப்பகலாக ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தத் தொழில் படுத்தது. ஓடித் தேய்ந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. தேய்ந்த கார்டெல்லாம் கெட்ட கார்டு இல்லை. ஆனால் ஃபேனும் பேஸ்ட்டும் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

போலிகளும் உண்டு. மிகப் பழைய கார்டின் உள்ளே மென்பொருளைத் திருத்தி, 1050 டி.ஐ. என்று பெயர் காட்டும்படி செய்துவிடுவார்கள். ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் பெரும்பாலும் போலி என்று காட்டிக் கொடுத்துவிடும். கடையிலேயே போட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும்.

புதிது வாங்கினால் ஜி.எஸ்.டி. பில்லும், அதில் கார்டின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். 'பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்' என்பதில் மிச்சமாகும் காசு, வாரன்டிக்கு நடையாய் நடக்கும்போது போய்விடும். நியாயம் கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தயங்காமல் பேசுங்கள்.

கம்ப்யூட்டர் பாகங்களின் விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்கிறீர்களா? ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சில்லுகள் மலைபோல் தேவைப்படுகின்றன. உலகில் அவற்றைச் செய்யும் நிறுவனங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. லாபம் அதிகமுள்ள பக்கம் அவை சாய்கின்றன. 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்.எஸ்.டி. விலை தாறுமாறாக ஏறியது. வீட்டு உபயோகத்துக்குக் 'குருஷியல்' என்ற பெயரில் ராமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் எடுக்கும் முடிவு அருப்புக்கோட்டை கடை பில்லில் வந்து நிற்கிறது. கையில் இருக்கும் பெட்டியைத் தூக்கிப்போடாமல் சரிசெய்து ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்டு வந்தபின் பொருத்துவது கஷ்டமில்லை. பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடம்பின் ஸ்டேட்டிக்கைப் போக்கிவிட்டு, ஸ்லாட்டில் அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். மானிட்டர் வயரைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு 'டிஸ்பிளே வரலை' என்று போன் போடுகிறவர்கள்தான் அதிகம். வயரைக் கார்டில் இருக்கும் ஓட்டையில் செருக வேண்டும். இந்த வேலையைப் பிள்ளையே செய்யட்டும், நீங்கள் டார்ச் பிடியுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அதில் உங்கள் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் இருக்கும். முழுக்க அழித்துவிட்டு, மின் கழிவு சேகரிப்பவரிடம் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. 2023 மார்ச்சில் மத்திய அரசு நாட்டில் ஏழு பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காக்களை அறிவித்தது. தமிழ்நாட்டுக்கானது விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கரில். ஜவுளி வேலை என்றால் தறியும் தையல் மெஷினும் மட்டும்தானா? ஜக்கார்டு டிசைன், பேட்டர்ன், பிரிண்ட் எல்லாம் இன்று திரையில்தான் பிறக்கின்றன. தைக்கும் முன்பே உடையை உருவத்தில் போட்டுப் பார்க்கும் க்ளோ 3டி போன்ற மென்பொருள்களுக்குத் தனிக் கார்டு வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே காவல் வேலைக்கும் பொட்டலம் கட்டும் வேலைக்கும் மட்டும் போனால் போதுமா? டிசைன் மேசையிலும் உட்கார வேண்டாமா?

அதனால்தான் சொல்கிறேன். பிள்ளை கார்டு கேட்டால் கோபப்படாதீர்கள். மகள் கேட்டால், 'உனக்கு எதுக்கு இதெல்லாம்' என்று கேட்காதீர்கள். எந்த வேலைக்கு என்று கேளுங்கள். சொல்லும் பதிலில் உழைப்பு தெரிந்தால், கடன் வாங்காமல் முடிந்த அளவுக்கு வாங்கிக் கொடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கேபினெட்டைப் பிள்ளையோடு சேர்ந்து திறந்து பாருங்கள். பிராசஸர், ராம், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் அளவு, மானிட்டர் வயர் என்ற ஆறு விவரங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வேலைக்காக வாங்குகிறோம் என்பதை மேலே முதல் வரியாக எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் கடைப் படி ஏறாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்